குஞ்சு காக்கும் விராலுக்குத் தூண்டில் வேண்டாம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

தூண்டில் போடுவது வேலையற்றவனின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மில் பலர். ஏரிக்கரை ஊர்க்காரர்களைக் கேட்டால் அது ஒரு படிப்பு என்பார்கள். எந்த மீனுக்கு எந்த இரை, எந்த இடம், எந்த நேரம் என்று அறிந்தவனுக்கே மீன் சிக்கும். அந்த அறிவைச் சோதிக்கும் மீன் விரால்.

மண்புழுவைக் கோத்துப் போட்டால் கெண்டையும் கெளுத்தியும் கடிக்கும். விராலுக்கு உயிருள்ள இரை மீதுதான் நாட்டம். 'அயிரையை விட்டு விராலைப் பிடிப்பது' என்னும் பழமொழியே இதற்குச் சான்று. சிறு தவளையின் முதுகுத் தோலில் முள்ளை மாட்டி, உயிரோடு நீர்ப்பரப்பில் நீந்தவிடுவார்கள். மாலையில் கரையோரம் முளையடித்து, தவளை நீரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி கட்டிவிட்டு, விடியற்காலையில் போய்ப் பார்ப்பதும் உண்டு.

1793-இல் ஜெர்மானிய அறிஞர் பிளாக் விராலுக்கு அறிவியற் பெயர் சூட்டினார். செவுளுக்கு மேலுள்ள அறையில் காற்றை நிரப்பிக்கொள்ள அது அடிக்கடி மேலே வர வேண்டும் என்பதும், வர இயலாவிட்டால் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறக்கும் என்பதும் நாம் பாடத்தில் படிப்பவை. பள்ளிக்கூடமே போகாத எங்கள் ஊர்ப் பெரியவர்கள், குமிழி எழும் இடம் பார்த்துத் தூண்டில் வீசுகிறார்கள். பாடம் ஒன்றே, கற்ற இடம்தான் வேறு.

இவற்றில் எனக்குக் குறையொன்றுமில்லை. ஆனால் இன்னொரு முறை இருக்கிறது. மழைக்காலத்தில் கரையோரப் புல்பூண்டுகளை விலக்கி விரால் இணை கூடமைக்கும். சில ஆயிரம் முட்டைகள் நீரில் மிதக்கும். ஓரிரு நாளில் பொரிந்துவிடும். செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலே வந்து வந்து போகும். அடியில் பெற்ற மீன்கள் காவல் நிற்கும். அந்தத் திரளின் நடுவே தவளையை வீசினால், விரால் பாய்ந்து கடிக்கும். அது பசியால் கடிப்பதில்லை. தன் குஞ்சுகளைக் காக்கவே கடிக்கிறது!

இம்முறையில் திறமைக்கு வேலையில்லை. பாசமே இங்கு இரையாகிறது. காவல் போனபின் அக்குஞ்சுகளைப் பறவையும் பிற மீனும் விழுங்கும். வேறு விரால்களும் விட்டுவைப்பதில்லை. ஒரு மீனைத் தூக்கும் கை, வருங்காலத்து மீன்களையும் சேர்த்தே அழிக்கிறது.

'வயிற்றுப்பாட்டுக்குப் பிடிப்பவனிடம் நீதி பேசலாமா?' என்று சிலர் கேட்கலாம். அந்த வயிற்றுக்காகத்தான் பேசுகிறேன். குளிரூட்டியில் வைக்காமல் உயிரோடு கூடையில் கொண்டுபோய் நல்ல விலைக்கு விற்கக்கூடிய மீன் இது. அது அற்றுப்போனால் முதலில் இழப்பவன் அந்த ஏழைதான். 'நாம் விட்டால் அடுத்தவன் பிடிப்பான்' என்பார் வேறு சிலர். எல்லோரும் அப்படி எண்ணினால் ஏரியில் எஞ்சுவது நீர் மட்டுமே.

குஞ்சுத் திரள் தெரியும் சில வாரங்கள் மட்டும் அந்த இடத்தை விட்டு வேறு துறையில் தூண்டில் போடுவோம். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்கள் இதைத் தம் வீட்டாரிடமும் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பங்களில் கல்லூரிப் படி மிதித்த முதல் தலைமுறை நாங்கள். பாடத்தில் படித்ததைக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால், பெறும் பட்டத்தால் ஊருக்கு என்ன பயன்?