கிட்னி ஆய்வை இலவசமாகப் படிக்கலாம்... அப்போ பணம் கட்டுவது யார்?

ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில், ஒடிசா எல்லையை ஒட்டிய கடலோரப் பகுதி உத்தானம். தென்னையும் முந்திரியும்தான் அங்கே பிழைப்பு. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு போன்ற வழக்கமான காரணங்கள் எதுவும் இல்லாமலேயே அங்கு பலருக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகி வருகிறது. ஏன் என்று இதுவரை உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. 2019-ல் வெளியான ஒரு கள ஆய்வு, பரிசோதித்த 2,210 பேரில் சுமார் 18 சதவீதம் பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பதாகச் சொன்னது.

அந்த ஆய்வு வெளியான இடம் 'கிட்னி இன்டர்நேஷனல் ரிப்போர்ட்ஸ்'. சர்வதேச சிறுநீரகவியல் சங்கம் 2016-ல் தொடங்கிய ஓப்பன் ஆக்சஸ் ஆய்விதழ். சந்தா கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. விழுப்புரத்தில் கிளினிக் நடத்தும் டாக்டர், இதே மாதிரி நோயாளிகளைப் பார்க்கும் அனுராதபுரத்து டாக்டர், ஏன், உத்தானத்தில் டயாலிசிஸுக்குப் போகிறவரின் கல்லூரி படிக்கும் மகள்கூட மொபைலிலேயே முழுசாகப் படிக்கலாம்.

நல்ல விஷயம்தானே, இதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது? இருக்கிறது. படிப்பதற்குத்தான் காசு இல்லை. வெளியிடுவதற்கு உண்டு.

பூட்டு இடம் மாறிய கதை

பழைய முறையில் ஆய்வாளர் கட்டுரையை அனுப்புவார், சக நிபுணர்கள் சம்பளம் வாங்காமல் மதிப்பாய்வு செய்வார்கள், பதிப்பகம் அச்சிட்டு நூலகங்களுக்குச் சந்தாவுக்கு விற்கும். ஆய்வுக்கு அரசுப் பணம், மதிப்பாய்வு இலவச உழைப்பு, ஆனால் படிக்கக் கட்டணம். இந்தக் கணக்கு சரியில்லை என்று 2002-ல் புடாபெஸ்டில் இருந்து ஒரு பிரகடனம் வந்தது. ஓப்பன் ஆக்சஸ் என்ற பெயர் பரவலானது அதற்குப் பிறகுதான்.

பதிப்பகங்களும் மெதுவாக வழிக்கு வந்தன. ஆனால் வருமானத்தை விடவில்லை. வாசகர் பக்கம் இருந்த பூட்டைக் கழற்றி எழுதுபவர் பக்கம் மாட்டிவிட்டன. கட்டுரை ஏற்கப்பட்டதும் ஆசிரியர்கள் ஒரு தொகை கட்ட வேண்டும். இதற்கு ஏபிசி கட்டணம் என்று பெயர். எவ்வளவு வரை போகும்? 'நேச்சர்' இதழ் 2020-ல் அறிவித்த தொகை 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் 8 லட்சம் ரூபாய்க்கு மேல். மருத்துவ இதழ்கள் பெரும்பாலும் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனாலும் பல இதழ்களில் ஒரு கட்டுரைக்கு லட்சங்களில்தான் கணக்கு.

நடுவில் மாட்டிய இந்தியா

ஏழை நாடுகளுக்கு விலக்கு உண்டு. 'ரிசர்ச்4லைஃப்' என்ற ஐ.நா. அமைப்புகள் சார்ந்த திட்டத்தின் பட்டியலை வைத்துத்தான் பெரும்பாலான பதிப்பகங்கள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. இந்தியா அந்தச் சலுகைப் பட்டியலில் இல்லை. மொத்தப் பொருளாதாரத்தைப் பார்த்தால் நாம் பெரிய நாடு. ஆனால் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகப் பிரிவில் இருக்கும் ஒரு உதவிப் பேராசிரியருக்கு இந்தப் பெருமையால் என்ன பயன்? அவரிடம் ஆய்வு நிதி இருக்காது. ஆனால் நோயாளிகள் இருப்பார்கள், அதுவும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏங்கும் எண்ணிக்கையில். நிதிச் சிரமத்தைச் சொல்லித் தனியாகக் கேட்டால் சில இதழ்கள் குறைத்துக்கொள்ளும். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம்.

கட்டணம் இல்லாத வழி இல்லாமல் இல்லை. சங்கங்களும் அரசு அமைப்புகளும் செலவை ஏற்று நடத்தும் இதழ்கள் இருக்கின்றன. ஐசிஎம்ஆரின் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' 1913-ல் தொடங்கியது, இன்றும் யாரும் இலவசமாகப் படிக்கலாம். பிரச்சினை மதிப்பெண்ணில். பதவி உயர்வு, ஆய்வு நிதி என்று வரும்போது வெளிநாட்டு இதழின் பெயருக்குக் கிடைக்கும் மரியாதை உள்ளூர் இதழுக்குக் கிடைப்பதில்லை.

இந்த இடைவெளியில்தான் போலி இதழ்கள் கடை விரிக்கின்றன. 'பத்து நாளில் வெளியிட்டுத் தருகிறோம்' என்று மெயில் வரும். மதிப்பாய்வு பெயரளவுக்குத்தான், பணம் வந்தால் போதும். 2013-ல் 'சயின்ஸ்' இதழுக்காக ஒரு பத்திரிகையாளர் வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்த போலிக் கட்டுரையைத் தயாரித்து 304 ஓப்பன் ஆக்சஸ் இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. பெரிய பெயர்களும் தப்பவில்லை. வைலி நிறுவனம் வாங்கிய 'ஹிந்தாவி' பதிப்பகம் 2023-ல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது.

அப்போ சந்தா இதழ் என்றால் நம்பலாமா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. சிறுநீரக மருத்துவத்தில் இதற்கு ஒரு கசப்பான உதாரணம் உண்டு.

2003 ஜனவரியில் 'தி லான்செட்' இதழில் 'கோஆபரேட்' என்ற ஜப்பானிய ஆய்வு வந்தது. ரத்த அழுத்தத்தைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காக்கும் இரண்டு வகை மருந்துகள் உண்டு. ஏஸ் தடுப்பான்கள் ஒன்று, லோசார்டான் போன்றவை இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், தனித்தனியாகக் கொடுப்பதைவிட நோய் மெதுவாகத்தான் முற்றும் என்றது ஆய்வு. கலந்துகொண்டவர்கள் 263 பேர்தான். ஆனால் வெளிவந்தது லான்செட்டில். டாக்டர்கள் நம்பினார்கள், உலகம் முழுக்க இரண்டு மாத்திரையும் ஒரே சீட்டில் எழுதப்பட்டன.

2008-ல் எண்கள் ஒத்துப்போகவில்லை என்று வேறு ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். அதே ஆண்டு, 25,000-க்கும் அதிகமானோரை வைத்து நடந்த 'ஆன்டார்கெட்' ஆய்வின் முடிவு வந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு கூடியிருந்தது. ஜப்பானில் விசாரணை நடந்தது. சொன்னபடி 'டபுள் பிளைண்ட்' முறையில், அதாவது யாருக்கு எந்த மருந்து என்று டாக்டருக்கும் தெரியாத முறையில், ஆய்வு நடக்கவில்லை என்பது தெரிந்தது. 2009 அக்டோபரில் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. நடுவில் போனது ஆறரை ஆண்டுகளுக்கும் மேல். அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளான முன்னாள் ராணுவத்தினரிடம் இதே கூட்டு மருந்து முறையைச் சோதித்த இன்னொரு ஆய்வு, பொட்டாசியம் ஏறுவதாலும் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படுவதாலும் பாதியில் நிறுத்தப்பட்டு 2013-ல் வெளியானது.

ஆகவே காசு யார் கட்டினார்கள் என்பதை வைத்துத் தரத்தை எடை போட முடியாது. கட்டுரை மட்டும் திறந்திருந்து, அதன் பின்னால் இருக்கும் தரவுகள் பூட்டியே இருந்தால், கோஆபரேட் மாதிரி ஒன்று ஓப்பன் ஆக்சஸிலும் ஓடும். இந்த விஷயம் ஏபிசி சண்டையில் பெரும்பாலும் மறந்துபோகிறது.

இலங்கை சொல்லும் பாடம் வேறு

யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றால் அமைச்சர்களும் படிப்பார்கள். இலங்கையின் வடமத்திய மாகாண நெல் விவசாயிகளிடமும் உத்தானம் போலவே காரணம் தெரியாத சிறுநீரக நோய் உண்டு. 2013-ல் 'பிஎம்சி நெஃப்ராலஜி' என்ற ஓப்பன் ஆக்சஸ் இதழில் வந்த ஆய்வு காட்மியம் உலோகத்தைச் சந்தேகித்தது. அடுத்த ஆண்டு இன்னொரு ஓப்பன் ஆக்சஸ் இதழில், களைக்கொல்லி கிளைபோசேட்தான் காரணமாக இருக்கலாம் என்று ஒரு கட்டுரை. அது ஒரு கருதுகோள் மட்டுமே, நோயாளிகளிடம் சோதித்து நிரூபித்தது அல்ல. ஆனாலும் அரசியலில் தீயாகப் பற்றிக்கொண்டது. 2015-ல் இலங்கை கிளைபோசேட்டைத் தடை செய்தது. தேயிலைத் தோட்டங்களில் களை எடுப்பது பெரும்பாடானது. 2018-ல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது.

கட்டுரை பூட்டுக்குள் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று வாதாடுபவர்கள் உண்டு. அது சரியான வாதம் இல்லை. 'இருக்கலாம்' என்று எழுதியதை 'இருக்கிறது' என்று படித்ததுதான் அங்கே நடந்தது. மறுத்து எழுதியவர்களும் அதே கட்டுரையை இலவசமாகப் படித்துத்தான் மறுத்தார்கள்.

'ஒரே நாடு ஒரே சந்தா' போதுமா?

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் இது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள். அரசுக் கல்வி நிறுவனங்களும் மத்திய ஆய்வு நிறுவனங்களுமாக 6,300-க்கும் மேற்பட்டவை பயன்பெறும் என்றது அரசு. அரசு மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு இது பெரிய கதவுதான், மறுக்க முடியாது.

ஆனால் தனியார் மருத்துவமனைகள் இதில் இல்லை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் எத்தனை பேர் தனியாரிடம் போகிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. சிறு நகரத்தில் தனியாக பிராக்டீஸ் செய்யும் டாக்டருக்கு இப்போதும் ஓப்பன் ஆக்சஸ்தான் கதி. அவர்களில் பலர் ரகசியமாக நம்பியிருந்த 'சை-ஹப்' தளத்தையும் 2025 ஆகஸ்டில் முடக்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சிகிச்சை வழிகாட்டுதல்களாவது கைக்கு எட்டுகின்றன. சர்வதேச அமைப்பான 'கேடிகோ' 2024-ல் வெளியிட்ட நாள்பட்ட சிறுநீரக நோய் வழிகாட்டியை யாரும் டவுன்லோடு செய்யலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மருந்துகளை யாருக்கெல்லாம் தொடங்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. இரண்டுக்குமே இந்தியாவில் காப்புரிமை முடிந்து, மலிவான ஜெனரிக் மாத்திரைகள் கடைக்கு வந்துவிட்டன.

கடைசியாக ஒரு நுணுக்கம். இலவசம் என்பதாலேயே எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று இல்லை. ஓப்பன் ஆக்சஸ் கட்டுரையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருக்கும். 'சிசி பை' என்றால் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு மொழிபெயர்க்கலாம், பகிரலாம். அதோடு 'என்டி' என்ற இரண்டு எழுத்து சேர்ந்திருந்தால், அனுமதி வாங்காமல் மொழிபெயர்ப்பை வெளியிட முடியாது. உத்தானத்து மக்களின் ரத்தமும் சிறுநீரும் கொண்டு எழுதிய ஒரு கட்டுரை அப்படிப்பட்ட உரிமத்தில் வந்தால், அதைத் தெலுங்கில் போட்டு அதே ஊரில் கொடுப்பதற்கும் பதிப்பகத்துக்கு ஒரு மெயில் அனுப்பிக் காத்திருக்க வேண்டும்.