மட்டக்குதிரையும் மலைப் பிள்ளைகளும்

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் நடைபெறும் கோடை விழாவுக்கு நாம் சென்றிருந்தபோது, மலைப் பள்ளி உபாத்தியாயர் ஒருவர் நம்மிடம் ஒரு யோசனையை வெளியிட்டார். "எங்கள் பிள்ளைகள் மேட்டிலும் பள்ளத்திலும் ஓடி வளர்ந்தவர்கள், ஆடுமாடுகளின் குணம் அறிந்தவர்கள். மட்டக்குதிரை விளையாட்டுக் கற்பித்து இவர்களைப் போட்டிகளுக்கு அழைத்துச் சென்றால் என்ன?" என்றார். முதலில் நமக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்த பின்னர் சிரித்ததற்காக வெட்கமே உண்டாயிற்று.

குதிரை என்றதும் ராஜாக்களும் பந்தயக் கனவான்களுமே நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் இன்று உலகம் போலோ என்று கொண்டாடும் ஆட்டம், மணிப்பூரில் 'சகோல் காங்ஜெய்' என்ற பெயரில் சாதாரணக் குடிகளும் ஆடி வந்த ஆட்டமாகும். கட்சிக்கு 7 பேர். கோல் கம்பம் கிடையாது. மைதானத்தின் கோடிக்கு அப்பால் பந்தை அடித்துவிட்டால் வெற்றி. மணிப்பூரியரிடம் இதைக் கற்ற ஆங்கிலேயர்கள் 1859-ல் சில்சாரில் ஒரு சங்கம் நிறுவினார்கள். அங்கிருந்து ஆட்டம் உலகெங்கும் பரவிற்று.

சிறுவர்களுக்கான மட்டக்குதிரை விளையாட்டுப் போட்டியோ இங்கிலாந்தில் 1957-ல் ஏற்பட்டது. விலையுயர்ந்த குதிரை வாங்க வகையற்ற குழந்தைகளும் கலந்துகொள்ள ஒரு போட்டி வேண்டும் என்று இளவரசர் பிலிப் விரும்பியதன் பயன் அது. கோஷ்டிக்கு 5 பிள்ளைகள், 5 குதிரைகள். நட்ட கழிகளுக்கிடையே வளைந்து ஓட்டுதல், ஓடும்போதே கொடியைப் பிடுங்குதல், கைமாற்றிக் கொடுத்தல் ஆகியவையே பந்தயங்கள். ஒவ்வொரு பந்தயத்திலும் நால்வரே இறங்குவார்கள். ஐந்தாவது பிள்ளை கோட்டருகே காத்து நிற்கும். யாரை நிறுத்தி வைப்பது என்ற இடத்தில்தான் பயிற்சியாளரின் நேர்மை வெளிப்படுகிறது. எப்போதும் ஒரே பிள்ளையை நிறுத்தி வைத்துக் கோப்பையைக் கொண்டுவருகிறவர் நால்வருக்கு மட்டுமே ஆசிரியர்.

பயிற்சி கடிவாளத்திலிருந்து தொடங்குவதில்லை. துடைப்பத்திலும் தண்ணீர்த் தொட்டியிலுமே தொடங்குகிறது. லாயத்தைப் பெருக்கவும், குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கவும், சேணத்தின் கீழ் முதுகு புண்பட்டிருக்கிறதா என்று தடவிப் பார்க்கவும் பிள்ளை முதலில் அறிய வேண்டும். குளம்பை 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை சீவிச் சீர்படுத்த வேண்டும். 200 கிலோ எடையுள்ள மட்டக்குதிரையின் மீது, சேணமும் சேர்த்து, 40 கிலோவுக்கு மேல் ஏற்றுவது தகாது. பிள்ளைகள் வளர்ந்துகொண்டே இருப்பார்கள், குதிரை வளராது. ஆகவே, பருவத் தொடக்கத்தில் பொருத்தமாயிருந்த பிள்ளையையே பருவ முடிவில் இறக்கிவிட நேரலாம். அந்தச் செய்தியைப் பிள்ளையின் மனம் நோகாமல் சொல்லுவதும் பயிற்சியில் ஒரு பாடமே. இறுதிப் பந்தயத்தன்று காலையில் குதிரை சற்றே நொண்டினால், கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் அதை லாயத்துக்கு அனுப்பிவிடுவது அதைவிடப் பெரிய பாடம்.

இவ்வளவும் சொன்ன பிறகு உபாத்தியாயர், "பிள்ளைகள் தயார், குதிரை எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார். "குதிரை இருக்கட்டும், புல் எங்கே?" என்று நாம் திருப்பிக் கேட்டோம்.

இக்கேள்விக்குக் காரணம் மணிப்பூர்தான். அங்கே ஆட்டத்துக்குக் குறைவில்லை. பெண்களும் குதிரையேறிப் போலோ ஆடுகிறார்கள். ஆயினும் 2003-ஆம் வருஷக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 1,900 ஆக இருந்த மணிப்பூரி மட்டக்குதிரைகள் 2012-ல் 1,101 ஆகக் குறைந்துவிட்டன. இம்பாலில் லாம்பெல்பாட் போன்ற சதுப்பு மேய்ச்சல் நிலங்களில் கட்டிடங்கள் எழுந்தன. மேய இடமின்றிக் குதிரைகள் தெருக்களில் குப்பையைக் கிளறலாயின. அவற்றைக் காப்பதற்கென்று 2016-ல் மாநில அரசு ஒரு கொள்கையே வகுக்க நேர்ந்தது. ஆட்டக்காரர் இருந்தும் மேய்ச்சல் நிலம் போய்விட்டால் ஆட்டம் எத்தனை நாள் நிலைக்கும்?

ஒரு மட்டக்குதிரைக்கு நாளொன்றுக்கு உலர்ந்த புல் 4 கிலோவாவது வேண்டும். ஐந்துக்கு, வருஷத்தில் 7 டன்னுக்கு மேலாகிறது. போட்டி நடப்பது சில நாட்களே. பசி 365 நாளும் உண்டு. காப்புக்காடுகள் சூழ்ந்த ஜவ்வாது மலையில், கண்ட இடமெல்லாம் மேய்ச்சல் நிலமாகிவிடாது. சாமை விளையும் துண்டு நிலத்தைக் குதிரைக்கு விடு என்று மலைக் குடியானவரிடம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

உபாத்தியாயர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் இவ்வருஷம் குதிரை வேண்டாம், ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து நிலத்தைப் பற்றிப் பேசுகிறேன்" என்றார். கோஷ்டியின் முதற் பயிற்சி அன்றே தொடங்கிவிட்டதாக நாம் கருதுகிறோம்.