பேரேட்டுக்கும் ஒரு பொன்னாடை

ஞாயிற்றுக்கிழமை மாலையில் நம் ஊர் மண்டபங்களில் விருது விழாக்களுக்குப் பஞ்சமே இல்லை. ‘சேவைச் செம்மல்’, ‘மனிதநேய மாமணி’ என்று பட்டங்கள் அள்ளி வழங்கப்படுகின்றன. மேடையில் இருப்பவர்களைவிட ஃப்ளெக்ஸில் சிரிப்பவர்கள் அதிகம். சில விழாக்களில் விருது வாங்குபவரே மண்டபச் செலவுக்கு ‘பங்களிப்பு’ தந்திருப்பார் என்பதும் ஊரறிந்த ரகசியம். அதை விட்டுவிடுவோம். உண்மையான தொண்டு நிறுவனத்துக்கு உண்மையான விருது கிடைக்கும்போதும் சில கேள்விகளை யாரும் கேட்பதில்லை. போன வருஷக் கணக்கு தணிக்கை ஆனதா? பொதுக்குழு கூடியதா? சமையல்காரம்மாவுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறதா? நிறுவனர் நாளை படுத்துவிட்டால் இல்லத்தை யார் நடத்துவது?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் நேரான பதில் வைத்திருக்கும் சிறு நிறுவனங்கள் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கின்றன. அவற்றைக் கண்டுகொள்வார் இல்லை என்பதுதான் பிரச்னை.

மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான ஒரு சிறு இல்லத்தின் அலுவலக அறையை நினைத்துப் பாருங்கள். ஒரு மேசை, பழைய கம்ப்யூட்டர், இரும்பு பீரோ. கணக்கு எழுதும் பெண்ணின் காலை பெரும்பாலும் காய்கறியில் தொடங்கும். சந்தையில் வாங்கிய கத்தரிக்காய்க்கு யார் பில் தருகிறார்கள்? எனவே, அவரே வவுச்சர் எழுதி, வாங்கி வந்தவரிடம் கையெழுத்து வாங்கி ஒட்டுகிறார். யாரோ இறக்கிவிட்டுப் போன அரிசி மூட்டைக்கு இருப்புப் பதிவேட்டில் ஒரு வரி. ஐந்நூறு ரூபாய் கொடுத்து, ‘80ஜி ரசீது வேணும்’ என்று கேட்டுவிட்டு, பான் எண்ணைச் சொல்லாமலே போனவருக்குப் பத்து முறை போன்.

அந்த பான் எண் ஏன் முக்கியம் என்றால், நன்கொடையாளர் பட்டியலை 10பிடி படிவத்தில் மே 31-க்குள் வருமான வரித் துறைக்கு அனுப்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். அதன் பிறகு ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் 10பிஇ சான்றிதழ். அப்புறம் தணிக்கை அறிக்கை, ஐடிஆர்-7, சங்கமாக இருந்தால் 1975-ம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் ஆண்டுக் கணக்கு. மாற்றுத்திறனாளிகள் இல்லம் என்பதால் 2016 சட்டத்தின் கீழ் பதிவு. கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரச் சான்றுகள் தனி. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சிஎஸ்ஆர், வாங்குவதாக இருந்தால் சிஎஸ்ஆர்-1 படிவமும் வேண்டும். வருமான வரிப் பதிவு ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் என்று இருந்த காலம் 2021-ல் முடிந்தது. அதன் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. 2025 நிதிச் சட்டம் ஆண்டு வருமானம் 5 கோடிக்கு உட்பட்ட அறக்கட்டளைகளுக்கு 12ஏபி பதிவின் காலத்தைப் பத்தாண்டாக நீட்டியது. அந்த வரைக்கும் நல்லது.

இத்தனையையும் ஒழுங்காகச் செய்யும் அந்தப் பெண்ணின் சம்பளம் எந்த நன்கொடையாளரின் கணக்கிலும் வராது. மகாளய அமாவாசையன்று மதியச் சாப்பாடு போட நாலைந்து குடும்பங்கள் போட்டி போடும். பிள்ளைகளுக்கு வடை, பாயசம். அதே மாத மின்கட்டணத்துக்கு ஆள் தேட வேண்டும். ‘சாப்பாட்டுக்குன்னா தர்றோம், ஆபீஸ் செலவுக்குன்னா வேண்டாம்’ என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். ‘எங்கள் நிறுவனத்தில் நிர்வாகச் செலவு ஒரு பைசா கூட இல்லை’ என்று சில நிறுவனங்களும் நோட்டீஸில் பெருமையாக அச்சடிக்கின்றன. அதைப் படித்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. கணக்கு எழுத ஆளில்லை, அல்லது அந்தச் செலவு வேறு தலைப்பில் ஒளிந்திருக்கிறது. இரண்டில் ஒன்று.

அரசும் இந்த மனப்போக்கையே வளர்க்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத வரம்பு 2020 திருத்தத்தில் 20 சதவீதமாகக் குறைந்தது. அந்தப் பணத்தை ஆடம்பரத்துக்குச் செலவிட்டவர்கள் இருந்தார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆலோசனை, பயிற்சி போன்ற வேலைகளில் ஆள் சம்பளம்தான் பெரிய செலவு. அதில் எது சேவை, எது நிர்வாகம் என்று பிரிப்பதே தலைவலி.

சிஎஸ்ஆர் கதை இன்னும் விநோதம். கம்பெனி தன் சிஎஸ்ஆர் செலவில் நிர்வாகத்துக்கென 5 சதவீதத்துக்கு மேல் காட்டக் கூடாது என்பது விதி. அந்த வரம்பு கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்குத்தான், திட்டத்தை நடத்திக் கொடுக்கும் தொண்டு நிறுவனத்துக்கு அல்ல என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டிலேயே சுற்றறிக்கையில் தெளிவுபடுத்திவிட்டது. இன்றும் கம்பெனி அதிகாரிகள் பலர் ‘அஞ்சு பர்சென்ட்டுக்கு மேல தர முடியாது சார்’ என்று கைவிரிக்கிறார்கள். சுற்றறிக்கையைக் காட்டி வாதாடினால் அடுத்த வருஷம் நிதி வராது என்று பயந்து நிறுவனங்கள் வாயைத் திறப்பதில்லை.

நல்ல நிர்வாகம் தொண்டை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு நாம் வெளியூரில் உதாரணம் தேட வேண்டியதில்லை. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் செலுத்துவோரின் வருமானத்தில் செலுத்த இயலாதவர்களுக்கும் பார்வை தந்து வளர்ந்தது. ஒரு மேசையில் அறுவை முடியும்போது பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். மருத்துவரின் ஒரு நிமிடமும் வீணாகாதபடி வேலையைப் பிரித்து, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, 1992-ல் ஆரோலேப் தொடங்கிக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் விலையையும் இறக்கினார்கள். இதில் கருணை எவ்வளவோ, நிர்வாகமும் அவ்வளவு. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பாடமாக இருப்பது அந்த நிர்வாகம்தான். 2010-ல் ஹில்டன் மனிதநேயப் பரிசும் கிடைத்தது. அரவிந்த் அளவுக்கு வளர்ந்துவிட்டால் உலகமே திரும்பிப் பார்க்கும், சரி. நாலு அறையில் இயங்கும் இல்லத்தை யார் பார்ப்பது?

ஒவ்வொரு சுதந்திர தினத்திலும் சென்னைக் கோட்டையில் முதலமைச்சர் விருதுகள் தருகிறார். மாற்றுத்திறனாளிகளுக்காகவும் பெண்களுக்காகவும் உழைக்கும் சிறந்த தொண்டு நிறுவனங்களுக்கு அதில் இடம் உண்டு. மகிழ்ச்சி. அதே மேடையில் சிறந்த மாநகராட்சி, சிறந்த நகராட்சி, சிறந்த பேரூராட்சி என்றும் விருது தருகிறார்கள். ஊரை நன்றாக நிர்வகித்ததற்காக உள்ளாட்சிக்குப் பரிசு உண்டென்றால், இல்லத்தை நன்றாக நிர்வகித்ததற்காகத் தொண்டு நிறுவனத்துக்கு ஏன் கூடாது? அமெரிக்காவில் வாஷிங்டன் வட்டாரத் தொண்டு நிறுவனங்களுக்கென, அவ்வூர் நாளிதழான ‘வாஷிங்டன் போஸ்ட்’ பெயரிலேயே, மேலாண்மைச் சிறப்புக்கான விருது பல ஆண்டுகள் வழங்கப்பட்டது. நம் நாளிதழ்களுக்கும் இது எட்டாக் காரியம் இல்லை.

ஆகவே கேட்பது இதுதான். மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஆண்டுக்கு ஒருமுறை ‘சிறந்த நிர்வாகம்’ விருது. பெரிய நிறுவனமும் சிறிய நிறுவனமும் ஒரே பந்தயத்தில் ஓடக் கூடாது. ஆண்டு வரவு 25 லட்சத்துக்கு உட்பட்டவற்றுக்குத் தனிப் பிரிவு வேண்டும். தேர்வுக் குழுவில் அரசியல்வாதி வேண்டாம். ஒரு பட்டயக் கணக்காளர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், சமூகப்பணி கற்பிக்கும் பேராசிரியர் ஒருவர், இல்லத்தில் வளர்ந்து வெளியே வந்த ஒருவர் போதும். நாலாமவர் கட்டாயம் வேண்டும். ஏனென்றால் பேரேடு பளிச்சென்று இருக்கும் இடத்திலும் பிள்ளைகளை அடிக்கிறவர்கள் இருக்கலாம். கணக்கை மட்டும் பார்த்து விருது கொடுத்துவிட்டு, பிறகு தலைகுனிவதைவிடக் கொடுக்காமல் இருப்பதே மேல். சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும். நிர்வாகி இல்லாதபோது ஆயாவிடமும் காவலாளியிடமும் பேச வேண்டும். புகார்ப் பெட்டியை யார் திறக்கிறார், சாவி யாரிடம் என்று கேட்க வேண்டும். அறங்காவலர்கள் எல்லாரும் ஒரே குடும்பமா, வருமானம் போன வழி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறதா, பி.எஃப். பொருந்தும் இடத்தில் கட்டப்படுகிறதா, இரண்டாம் நிலையில் பொறுப்பேற்க ஆள் தயாராகிறாரா என்றும் பார்க்க வேண்டும்.

பரிசு கேடயமாக இருக்க வேண்டாம், இடத்தை அடைக்கும். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு கணக்காளரின் சம்பளமாக அது வரட்டும். அந்தச் செலவை மாவட்டத்தில் இயங்கும் கம்பெனிகள் ஏற்கலாம். கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டிய கம்பெனிகள் தொழில் மாவட்டங்களில் குறைவில்லை. தேர்வு பெறாத நிறுவனத்துக்கும் எங்கே குறை என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் விருதைவிட அந்த ஒரு பக்கம்தான் பலருக்குப் பயன்படும்.

இன்னொன்றும் உண்டு. பதிவாளர், சமூக நலத் துறை, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை என மூன்று மாநில அலுவலகங்கள் ஒரே தணிக்கை அறிக்கையைத் தனித்தனியே கேட்கின்றன. ஒரே இணையதளத்தில் ஒருமுறை ஏற்றினால் மூவரும் பார்க்கும்படி செய்வது மாநில அரசின் கையில்தான் இருக்கிறது. இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை; துறைச் செயலாளர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும்.

சமூக நலத் துறை இந்த நிதியாண்டு முடிவதற்குள் அரசாணை வெளியிட்டால், ஏப்ரலில் விண்ணப்பம் வாங்கி, ஆகஸ்ட் 15-க்குள் முதல் பட்டியலைத் தயார் செய்துவிடலாம். விண்ணப்பம் மட்டும் இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. மே 31 நெருங்கும் நேரத்தில் அதை நிரப்பப்போகிறவருக்கு 10பிடி வேலையும் பாக்கி இருக்கும்.