வெளிநாட்டில் கார் வாடகைக்கு வேண்டுமா? முதலில் கார்டைக் கவனியுங்கள்!

கடன் என்றாலே நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆகாது. "கடன் கார்டா? அந்தப் பேச்சே வேண்டாம்" என்று சொல்லும் அப்பாக்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் கடனே வாங்காதவருக்கும் இந்தக் கார்டு தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் வெளிநாட்டில் கார் வாடகைக்கு எடுக்கும் இடம்.

மதுரையிலிருந்து ஒரு குடும்பம் ஸ்காட்லாந்தில் படிக்கும் மகளைப் பார்க்கப் போகிறது என்று வைத்துக் கொள்வோம். அப்பா, அம்மா, பாட்டி, தம்பி, தங்கை என்று ஐந்து பேர். எடின்பரோவில் இறங்கி, கார் எடுத்துக் கொண்டு மலைப் பக்கம் சுற்றி வரத் திட்டம். அங்கே வாடகைக் கார் என்றால் டிரைவரோடு வருவது அல்ல. நாமேதான் ஓட்ட வேண்டும். அப்பா நன்றாக ஓட்டுவார். நம் நாட்டு லைசென்சை வைத்துக் கொண்டு பிரிட்டனில் 12 மாதம் வரை கார் ஓட்டலாம். அங்கேயும் நம்மைப் போல் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆகவே பயம் இல்லை.

வாடகைப் பணத்தை ஊரிலிருந்தே கட்டியாகி விட்டது. கார் கம்பெனியின் மேஜைக்கு எதிரே போய் நிற்கிறார்கள். "உங்கள் கிரெடிட் கார்டைக் கொடுங்கள்" என்கிறார் அங்குள்ளவர். அப்பா டெபிட் கார்டை எடுக்கிறார். "இது ஆகாது" என்கிறார். பயணத்துக்கென்று பணம் போட்டு வைத்த பாரெக்ஸ் கார்டை நீட்டுகிறார். அதுவும் ஆகாது. வெளியே மழை. பாட்டி பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறார். கையில் பணம் இருந்தும் கார் இல்லை!

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இந்தச் சங்கடம் கற்பனை அல்ல.

ஏன் இப்படிக் கேட்கிறார்கள்?

நம் ஊரில் வீடு வாடகைக்குப் போனால் அட்வான்ஸ் கேட்கிறார்கள் அல்லவா? அதைப் போன்றதுதான் இதுவும். பல லட்ச ரூபாய் பெறும் காரை முன்பின் தெரியாதவரிடம் கொடுக்கிறார்கள். கார் அடிபட்டால் என்ன செய்வது? அபராதம் வந்தால் யார் கட்டுவது? அதற்காக ஒரு தொகையைக் கார்டில் நிறுத்தி வைக்கிறார்கள்.

இதை நன்றாகப் புரிந்து கொள்ள வேண்டும். அந்தத் தொகையை அவர்கள் எடுத்துக் கொள்வதில்லை. நாம் அதைச் செலவு செய்ய முடியாதபடி பூட்டு மட்டும் போடுகிறார்கள். காரைப் பழுதில்லாமல் திருப்பிக் கொடுத்தால் பூட்டு திறக்கும். அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். சில சமயம் வாரக் கணக்கிலும் ஆகும்.

டெபிட் கார்டில் பூட்டுப் போட்டால் நம் சொந்தப் பணம் அகப்பட்டுக் கொள்ளும். கிரெடிட் கார்டில் பாங்கி நமக்குக் கொடுத்த வரம்புதான் குறையும். சில கம்பெனிகள் டெபிட் கார்டையும் ஏற்பது உண்டு. ஆனால் அதற்குத் தனி நிபந்தனைகள் இருக்கும். முன்கூட்டியே கேட்டுத் தெரிந்து கொள்ளாமல் அதை நம்பிப் போகக் கூடாது.

எந்தக் கார்டை வாங்குவது?

விளம்பரத்தில் சினிமா டிக்கெட் இலவசம் என்பார்கள். விமான நிலையத்தில் சாப்பாடு என்பார்கள். அதையெல்லாம் தள்ளி வையுங்கள். பார்க்க வேண்டியவை ஐந்தே விஷயங்கள்.

முதலாவது, பெயர். யார் கார் ஓட்டப் போகிறாரோ அவர் பெயரில் கார்டு இருக்க வேண்டும். மகன் கார்டில் அப்பா கார் எடுக்க முடியாது. நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கார்டில் இனிஷியல் மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுவதும் இருக்கும். கார்டு, லைசென்சு, பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒத்துப் போகும்படி முதலிலேயே எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவது, வரம்பு. கார் கம்பெனி 1 லட்ச ரூபாய்க்குப் பூட்டுப் போடுகிறது, உங்கள் வரம்பு 1 லட்சத்து 20 ஆயிரம் என்றால் மிச்சம் 20 ஆயிரம்தான். வரம்பு அதைவிடக் குறைவாக இருந்தால் கார் கிடையாது. எவ்வளவு நிறுத்துவார்கள் என்பது கம்பெனியின் நிபந்தனைத் தாளில் இருக்கும். அதைப் படித்த பிறகு கார்டைத் தேடுங்கள்.

மூன்றாவது, செல்லுபடி. விசா, மாஸ்டர்கார்டு ஆகியவை பெரும்பாலான நாடுகளில் செல்லும். மற்றவற்றைக் கார் கம்பெனியிடம் கேட்டுக் கொண்டு வாங்குவது நல்லது.

நான்காவது, அந்நியச் செலாவணிக் கட்டணம். பல கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு நூற்றுக்கு 3½ ரூபாய் பிடிக்கிறார்கள். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. 50 ஆயிரம் ரூபாய் செலவு செய்தால் 2,065 ரூபாய் இப்படியே போய்விடும். இந்தக் கட்டணம் குறைவாக உள்ள கார்டும் உண்டு. அறவே இல்லாத கார்டும் உண்டு. விசாரித்து வாங்குங்கள்.

ஐந்தாவது, ஆண்டுக் கட்டணம். வருஷத்துக்கு ஒரு தடவை பயன்படும் கார்டுக்கு ஆயிரக் கணக்கில் கட்டணம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை.

சம்பளச் சீட்டு இல்லாதவர் என்ன செய்வது? கடை வைத்திருப்பவர், விவசாயி, ஓய்வு பெற்றவர் ஆகியோர் பாங்கியில் வைப்புத் தொகை போட்டு, அதன் பேரில் கார்டு கேட்கலாம். பல பாங்கிகள் கொடுக்கின்றன. வைப்புத் தொகைக்கு வட்டியும் வரும்.

புறப்படும் முன்பு

இரண்டு மூன்று மாதம் முன்பே கார்டை வாங்கி விடுங்கள். மளிகைக் கடையில் சிறு தொகைக்குப் பயன்படுத்தி, பணத்தைக் கட்டிப் பழகுங்கள். ரகசிய எண்ணை மனதில் பதிய வைத்துக் கொள்ளுங்கள். ரிசர்வ் பாங்கி 2020-ம் ஆண்டில் கொண்டு வந்த விதிப்படி, புதிய கார்டு உள்நாட்டில் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டு உபயோகத்தை நாமே திறந்து விட வேண்டும். இதை மறந்து போய் விழிப்பவர்கள் உண்டு.

அங்கே "ரூபாயில் கணக்குப் போடட்டுமா?" என்று இயந்திரம் கேட்கும். வேண்டாம் என்று சொல்லி அந்த நாட்டுப் பணத்திலேயே கட்டுங்கள். ரூபாய்க் கணக்கில் அவர்கள் வைக்கும் மாற்று விலை பெரும்பாலும் நமக்கு நஷ்டம்தான். காரை எடுக்கும் போதும் விடும் போதும் நாலு பக்கமும் படம் எடுத்துக் கொள்ளுங்கள். ஊர் திரும்பியதும் கார்டை ரத்து செய்ய அவசரப்பட வேண்டாம். சாலை அபராதம் பிறகு வருவதும் உண்டு.

கத்தி போன்றது

அப்பாக்களின் பயத்துக்கு வருவோம். கார்டுக் கடனுக்குப் பல பாங்கிகள் மாதம் நூற்றுக்கு 3½ ரூபாய் வட்டி போடுகின்றன. வருஷத்துக்கு 42 ரூபாய்! "குறைந்த பட்சம் இவ்வளவு கட்டினால் போதும்" என்று பில்லில் இருக்கும். அது போதாது. முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை. ஒரு பகுதியை நிறுத்தினால் வட்டி ஏறத் தொடங்கி விடும். கார்டைக் கொண்டு ரொக்கம் எடுத்தாலோ அன்றைக்கே வட்டி.

காய்கறி நறுக்கும் கத்தியும் கையை வெட்டும். அதற்காகக் கத்தி இல்லாத சமையலறை உண்டா? பிடிக்கத் தெரிந்து பிடிக்க வேண்டும்.

பாங்கிகளுக்கும் ஒரு வார்த்தை. கார்டு விண்ணப்பத்தோடு முக்கிய விவரங்களை ஒரே பக்கத்தில் அச்சிட்டுத் தர வேண்டும் என்று ரிசர்வ் பாங்கி 2022-ம் ஆண்டில் உத்தரவு போட்டது. நிபந்தனைகள் எளிய நடையில், கூடுமானால் அந்தந்த ஊர் மொழியிலும் இருக்கட்டும் என்றும் சொல்லியது. கூடுமானால் என்ன, கட்டாயம் கூடும்! தமிழில் விளம்பரம் செய்யத் தெரிந்தவர்களுக்குத் தமிழில் வட்டியைச் சொல்லத் தெரியாதா?

வாசகர்களும் கேட்க வேண்டும். "தமிழில் கொடுங்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்தான் பிறகு வருந்துகிறார்.