மலைக்குப் போகாதே என்று சொல்ல நமக்கு என்ன யோக்யதை?

போன வாரம் என் பெண் போன் செய்தாள். "அப்பா, உங்க பேரன் காலேஜ் பசங்களோட டிரெக்கிங் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். நீங்களாவது வேண்டாம்னு சொல்லுங்க."

பேரனைக் கூப்பிட்டேன். என்னடா எடுத்துட்டுப் போறே என்று கேட்டேன். "ஷூ, பவர் பேங்க், பிஸ்கட். மத்ததெல்லாம் கைடு பாத்துப்பார் தாத்தா" என்றான். தண்ணீர் எவ்வளவு? தெரியாது. எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் வீட்டில் கவலைப்பட வேண்டும்? சிரித்தான்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு வயது 19. டியூஷனுக்கும் கோச்சிங்குக்கும் பணம் கட்டிய வீட்டில், ஒருவரும் அவனுக்கு ஒரு முடிச்சுப் போடக்கூடச் சொல்லித் தரவில்லை. நானும்தான்.

2018 மார்ச் 11-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ. மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் மேல் பழி போட எனக்கு மனசு வராது. அதற்குப் பிறகு அரசு விதிகளை இறுக்கியது, அது சரிதான். ஆனால் ஜனங்கள் பேசியது இரண்டே பேச்சு. ஒன்று, இளவட்டங்களை மலைப்பக்கமே விடக் கூடாது. இன்னொன்று, நல்ல கைடாகப் பார்த்துப் பணம் கட்டினால் போதும். இரண்டையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. தடுத்தால் திருட்டுத்தனமாகப் போவான். கைடு வழி காட்டுவார், சரி. அவருக்கே கால் பிசகினால்?

நான் பெரியகுளத்தில் படித்தவன். 1970-களின் தொடக்கத்தில் ஸ்கவுட்டில் இருந்தேன். எங்கள் மாஸ்டர் ஒரு வருஷம் மலையைக் காட்டவே இல்லை. பள்ளி மைதானத்தில் பை கட்டச் சொல்வார். கனமான சாமான் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். பிரித்துக் கொட்டி, மறுபடி கட்டச் சொல்வார். கூட்டத்தில் மெதுவாக நடப்பவன் எவனோ அவனுடைய வேகம்தான் எல்லாருக்கும் வேகம். வழி தவறினால் நின்ற இடத்திலேயே உட்கார், விசில் ஊது. போகுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படு. இவ்வளவும் தேறிய பிறகுதான் கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போனார். வெள்ளகவியில் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. நாங்களும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். மலை நம்முடையது அல்ல, அங்கே இருப்பவர்களுடையது என்பதும் அன்றைய பாடம்.

பேடன் பவல் 1907-ல் பிரௌன்சீ தீவில் சுமார் 20 பையன்களை வைத்து ஆரம்பித்ததும் இப்படித்தான். சின்னச் சின்னக் குழு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய பையன் பொறுப்பு. அடுத்தவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்தால் தன் புத்தியும் தெளிகிறது.

உடனே "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று யாரும் தலையாட்ட வேண்டாம். அந்தக் காலத்தில் தப்பாகவும் கற்றோம். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டு, கீறி ரத்தத்தை எடு என்றார்கள். இரண்டும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல், விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பச்சை மரக்கிளையை வெட்டிக் கூடாரம் போட்டோம். இன்று அது குற்றம்.

என் தப்பு ஒன்று உண்டு. 17 வயதில், மாஸ்டர் இல்லாமல், நாலு பேர் மாசி மாதத்தில் மலையேறினோம். டீ போட ஆசைப்பட்டு நான்தான் சுள்ளி பொறுக்கித் தீ மூட்டினேன். ஒரு காற்று வந்தது. பக்கத்துப் புல் பற்றிக்கொண்டது. காய்ந்த புல்லில் தீ மேட்டுப்பக்கம் எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். இலைக்கொத்தால் அடித்து அடித்து, கை கொப்பளித்து, எப்படியோ அணைத்தோம். திறமையால் இல்லை. காற்று நின்றது, அவ்வளவுதான். மாஸ்டரிடம் போய்ச் சொன்னபோது அவர் அடிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே இடத்துக்குக் கூட்டிப்போய்க் கருகிய புல்லைக் காட்டினார். "தீ மூட்டத் தெரிஞ்சா போதாதுடா. எப்போ மூட்டக் கூடாதுன்னு தெரியணும்" என்றார். குரங்கணிச் செய்தியை டிவியில் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

தப்பு செய்தாலும் போய்ச் சொல்ல எனக்கு ஒரு ஆள் இருந்தார். என் பேரனுக்கு யார் இருக்கிறார்கள்? நாம் கற்றதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எதைச் சொல்வார்கள்? 13, 14 வயதில், ஆண் பெண் இருவருக்கும், பள்ளியில் நீச்சல் மாதிரி இதையும் சொல்லித் தர வேண்டும். பள்ளி செய்யாவிட்டால் நாம் செய்வோம். நமக்கு நேரம் இருக்கிறது.

பேரனிடம் சொல்லிவிட்டேன்: இந்த மாதம் மலை வேண்டாம், மூன்று ஞாயிறு என்னோடு வா. பை கட்டுவது, தண்ணீர்க் கணக்கு. மலம் கழிக்க ஓடையிலிருந்து 70 தப்படி தள்ளி அரையடிக் குழி. கொண்டுபோன குப்பையைத் திருப்பிக் கொண்டுவருவது. தீயைக் கண்டால் மேட்டைப் பார்த்து ஓடாமல் பாறையையோ, ஏற்கெனவே எரிந்து அடங்கிய தரையையோ தேடுவது. அதற்குப் பிறகு வனத்துறை அனுமதியோடு எந்த மலைக்கு வேண்டுமானாலும் போகட்டும்.

முதல் ஞாயிறு முடிந்தது. பையை நாலு தடவை பிரித்துக் கட்டினான். ஐந்தாவது தடவை, "தாத்தா, என் ஃபிரெண்ட்ஸையும் கூட்டிட்டு வரட்டா?" என்றான். வரட்டும். என் முழங்கால் அதுவரை தாங்க வேண்டும்.