பின் அச்சு ஊளையிட்டால் கெட்டி எண்ணெய் மருந்தாகுமா?

ஜாசின் பக்கம் சிறுதோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றிப் பிழைக்கும் அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் இருப்பது ஒரு பழைய பிக்கப். சென்ற ஆண்டு அது 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் பின்னாலிருந்து ஊளையிடுவது போல ஒரு சத்தம் வரத் தொடங்கியது. தெரிந்தவர் ஒருவர், "டிஃபுக்கு 140 எண்ணெய் ஊத்துங்கண்ணே, அடங்கிடும்" என்றார். ஊற்றினார், சத்தமும் அடங்கியது. "பாத்தியா தம்பி, கொஞ்ச வெள்ளியில முடிஞ்சு போச்சு" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து, லெபோ ஏஎம்ஜே நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தபோது பின்சக்கரங்கள் இரண்டும் திடீரென்று பூட்டிக்கொண்டன. வண்டி இழுத்துக்கொண்டு போய் ஓரப் புல்லில் நின்றது. பின்னால் லோரி எதுவும் வராததால் உயிர் தப்பினார். பட்டறையில் அடைப்பைத் திறந்தபோது தே தாரிக் நிறத்தில் எண்ணெய் கொட்டியது. தண்ணீர் கலந்திருக்கிறது! கிரவுன், பினியன், பேரிங் எல்லாம் போய்விட்டன. மகளை பொலிடெக்னிக்கில் சேர்க்க எடுத்து வைத்திருந்த பணம் பட்டறைக்குப் போனது.

மூன்று லிட்டர் எண்ணெய் விஷயத்தில் நடந்த தவறு இது. எங்கே தவறினார் என்று பார்ப்போம்.

பின்சக்கரம் இழுக்கும் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். அச்சின் நடுவே பரங்கிக்காய் போல ஓர் இரும்புக் கூடு தெரியும். அதுதான் டிஃபரன்ஷியல். இயந்திரத்திலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியைத் திருப்பி இரண்டு சக்கரங்களுக்கும் கொடுப்பது அதன் வேலை. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும் அல்லவா? அதற்கு இடம் கொடுப்பதும் அதுதான்.

இதனுள் இருக்கும் பற்சக்கரங்களுக்கு ஹைப்பாய்டு என்று பெயர். 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பாக்கார்ட் கார்களில் இவை வந்தன. சிறிய பற்சக்கரமான பினியன், பெரிய கிரவுனின் நடுமையத்துக்குச் சற்றுக் கீழே அமர்ந்திருக்கும். அதனால் சுழல்தண்டு தாழ்ந்தது, காரின் தரையும் தாழ்ந்தது. ஆனால் இந்த அமைப்பில் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு நிற்பதில்லை. கடும் அழுத்தத்தில் வழுக்கித் தேய்க்கவும் செய்கின்றன. சாதாரண எண்ணெய்ப் படலத்தை அந்த அழுத்தம் பிழிந்து தள்ளிவிடும். அதைத் தாங்கத்தான் கியர் எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரசும் கொண்ட கூட்டுப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவை இரும்பின் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கும். கியர் எண்ணெய்க்கு இருக்கும் அந்தக் கெட்ட நாற்றம் பெரும்பாலும் கந்தகத்தால் வருவது.

இப்போது போத்தலைக் கையில் எடுங்கள். பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, ஏபிஐ தரம். பெரும்பாலான பின் டிஃபரன்ஷியலுக்கு வேண்டியது ஜிஎல்-5. ஜிஎல்-4இல் காப்புக் கூட்டுப்பொருள் குறைவு. "அப்படியானால் உயர்ந்த ஜிஎல்-5ஐயே கியர்பாக்சிலும் ஊற்றலாமே" என்று சிலர் கேட்பார்கள். அவசரப்படாதீர்கள். பல மேனுவல் கியர்பாக்சுகளில் பித்தளை வளையங்கள் இருக்கின்றன. ஜிஎல்-5இன் கூட்டுப்பொருள்கள் சில அவற்றைக் கெடுக்கும். கியர் மாற்றுவதும் சிரமமாகலாம். முன்னால் எது, பின்னால் எது என்பதைக் கையேடு தனித்தனியாகச் சொல்லியிருக்கும்.

இரண்டாவது, கெட்டித்தன்மை. 80டபிள்யூ-90 என்று எழுதியிருந்தால், டபிள்யூவுடன் வரும் எண் குளிர்நாட்டுக்காரர்களுக்கு முக்கியம். 80டபிள்யூ என்பது பூச்சியத்துக்குக் கீழே 26 பாகை வரை சோதிக்கப்படும் எண்ணெய். கேமரன் மலைக்கே ஏறினாலும் நமக்கு அந்தக் கவலை இல்லை. நாம் பார்க்க வேண்டியது பின்னால் வரும் எண். எண்ணெய் 100 பாகைச் சூட்டில் இருக்கும்போது எவ்வளவு கெட்டி என்பதை அது சொல்கிறது. எஞ்சின் எண்ணெயின் எண்ணோடு இதை ஒப்பிட வேண்டாம். இரண்டும் வேறு வேறு அளவுகோல். கியர் எண்ணெயில் 90 என்பது, நாம் மினியாக் ஹித்தாம் என்று சொல்லும் எஞ்சின் எண்ணெயில் ஏறக்குறைய 40, 50க்குச் சமம்.

அண்ணன் ஊற்றிய 140, அந்த 90ஐவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கெட்டி. பாரம் ஏற்றும் சில லோரிகளுக்கு 85டபிள்யூ-140தான் வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்வதுண்டு. அங்கே அது சரி. 90க்கு என்று செய்த கூட்டில் ஊற்றினால், எண்ணெய் பேரிங் இடுக்குகளுக்கு மெதுவாகத்தான் போய்ச் சேரும், சூடும் கூடும். புதிய பிக்கப் சிலவற்றுக்கு 75டபிள்யூ-85 போன்ற இளகிய எண்ணெயே போதும் என்கிறார்கள். கெட்டியாக இருந்தால் நல்லது என்ற பழைய கணக்கு அங்கே எடுபடாது.

ஊளைச் சத்தம் ஒரு நோயின் அறிகுறி. பேரிங் தளர்ந்திருக்கலாம், எண்ணெய் குறைந்திருக்கலாம், தண்ணீர் புகுந்திருக்கலாம். கெட்டி எண்ணெய் சத்தத்தை மூடும், நோயை வளர விடும். பழைய வண்டி வாங்கப் போகும் இளைஞர்களும் இதைக் கவனிக்க வேண்டும். டிஃபரன்ஷியல் எண்ணெய் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தால், எதையோ மறைக்க ஊற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

தண்ணீர் எப்படிப் புகுந்தது? அச்சின் மேல் காற்றுப் போக ஒரு சிறு மூச்சுக்குழாய் இருக்கும். ஓடிச் சூடான கூடு வாய்க்கால் நீரில் இறங்கினால், உள்ளே காற்று சட்டென்று சுருங்கும். அப்போது மூச்சுக்குழாய் வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிவிடும். 2022 ஜனவரியில் ஜாசின், அலோர் காஜா, மலாக்கா தெங்கா மூன்று மாவட்டங்களிலும் வெள்ளம் வந்ததை மறந்திருக்க மாட்டோம். தோட்டத்துச் சாலைக்கு அவ்வளவு வெள்ளம்கூடத் தேவையில்லை, ஒரு நாள் பெருமழை போதும். அச்சு மூழ்கும் அளவுக்கு நீரில் இறங்கிய வண்டியானால், அந்த வாரமே எண்ணெயைப் பாருங்கள்.

பார்ப்பது எளிது. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். கூட்டில் இரண்டு அடைப்புகள் இருக்கும். எண்ணெய் ஊற்றும் மேல் அடைப்பை முதலில் திறக்க வேண்டும். கீழ் அடைப்பை முதலில் திறந்து எண்ணெயை எல்லாம் வடித்துவிட்டு, பிறகு மேல் அடைப்பு துருப்பிடித்துத் திறக்க வரவில்லை என்றால், வண்டி அங்கேயே படுத்துவிடும். எண்ணெய் மேல் துளையின் அடிவிளிம்பு வரை இருந்தால் சரி. பல வண்டிகளில் கீழ் அடைப்பில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் வழக்கமான தேய்மானம். இரும்புத் துணுக்குகள் இருந்தால், அல்லது எண்ணெய் பால் கலந்தது போல் இருந்தால், உடனே பட்டறைக்குப் போங்கள்.

எப்போது மாற்றுவது? கையேடு சொல்வதே முதல் கணக்கு. அது கையில் இல்லாதவர்கள் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். பாரமும் சேறுமாக ஓடும் வண்டிக்கு 20,000. லிமிடெட் ஸ்லிப் வகை டிஃபரன்ஷியல் என்றால் அதற்குரிய தனி எண்ணெய் வேண்டும். போத்தலில் எல்எஸ்டி என்று இருக்கும்.

சாகாவும் மைவியும் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். அவை முன்சக்கரம் இழுப்பவை. பின் டிஃபரன்ஷியலே கிடையாது. அதற்கு எண்ணெய் மாற்றியதாக யாராவது பில் நீட்டினால் காசு கொடுக்காதீர்கள். பழைய அவான்சா, ரூசா, வேனட், பிக்கப் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த வாரப் பாடம்.

வடித்த எண்ணெயை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். கழிவு மசகெண்ணெய், 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகளில் எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு. கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையிடம் ஒப்படையுங்கள்.

அண்ணனின் பிக்கப் மீண்டும் ஓடுகிறது. இப்போது பின்னால் சின்னச் சத்தம் கேட்டாலும் கடைக்குப் போய் எண்ணெய் தேடுவதில்லை. முதலில் மேல் அடைப்பைத் திறந்து விரல் விட்டுப் பார்க்கிறார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.