மிஷின் காட்டுற 45 டிகிரியும் ஆசாரியோட அரை நாளும்

புது வீட்டு ஜன்னல் பட்டி மூலையில ஒரு நூல் இடைவெளி தெரிஞ்சா போதும், "ஆசாரி சரியில்ல"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுறோம். அந்த இடைவெளி எங்க இருந்து வந்துச்சுன்னு யாரும் கேக்குறதில்ல. மக்காச்சோளமும் பருத்தியும் போடுறவனுக்கு மரவேலையில என்ன பேச்சுன்னு நீங்க நினைக்கலாம். வரப்புல நிக்கிற வேம்பையும் தேக்கையும் வெட்டி வீட்டுக்குச் சேக்குறவங்க நாங்கதான். அதனால இதைப் பேச எனக்கும் கொஞ்சம் பாத்தியதை இருக்கு.

எங்க பெரம்பலூர் மாவட்டம் வறண்ட சீமைன்னுதான் வெளியில பேரு. ஆனா வேப்பந்தட்டை வட்டத்துல அரும்பாவூர், தழுதாழை பக்கம் போனா உளிச் சத்தம் கேக்கும். வாகை, மா, வேம்புன்னு மரத்துல சாமி சிலை செதுக்குற குடும்பங்க அங்க இருக்கு. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. பெருமைதான். அந்தக் குறியீடு செதுக்குற கைக்குக் கிடைச்சது. கதவு, ஜன்னல், அலமாரின்னு வீடு வீடா ஏறி இறங்குற தச்சு ஆசாரிங்களுக்கு எந்த முத்திரையும் இல்ல. ஜெயங்கொண்டம், செந்துறை, குன்னம்னு எங்க பாத்தாலும் இவங்க இருக்காங்க. நான் பேச வந்தது இவங்களப் பத்தி.

இப்ப இவங்க கையில கைவாள் குறைஞ்சு, மின்ரம்பம் வந்துடுச்சு. கடைக்காரங்க மைட்டர் சான்னு சொல்வாங்க, பட்டறையில வெறும் கட்டிங் மிஷின். வட்டமான பிளேடு மேல இருந்து கீழ இறங்கும். அடியில ஒரு திருகுமேசை, அதுல டிகிரி அச்சடிச்சிருக்கும். கைப்பிடியத் திருப்பினா 0, 15, 30, 45 வர்ற இடத்துல "டிக்"குன்னு உக்காரும். நிலைக்கதவுச் சட்டத்துக்கு இன்னைக்கும் துளையும் நாக்குமாத்தான் சேக்குறாங்க. ஆனா கதவைச் சுத்தி ஒட்டுற பட்டி, கண்ணாடி பீடிங், போட்டோ சட்டம் எல்லாம் 45-க்கு 45 சேர்ற வேலை. அங்க மறைக்க இடமே கிடையாது.

கைவாள் காலத்துல ஆசாரிக்கு வாள் மேல நம்பிக்கை இருந்ததில்ல. அதனால ஒவ்வொரு கோட்டுக்கும் மூலைமட்டம் வெச்சாரு. மிஷின் வந்ததும் மூலைமட்டம் பைக்கு அடியில போயிடுச்சு. அந்த "டிக்"கை நம்புறாங்க. நான் சொல்றது இதுதான்: அந்த "டிக்" ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல உக்காருது, அவ்வளவுதான். அந்த இடம் 45 தானான்னு அதுக்குத் தெரியாது. கோணலா உக்காந்தா, நூறு தடவையும் அதே கோணல்ல உக்காரும்.

பருத்தி போடப் போறப்ப நாம தராசை அப்படியே நம்புறமா? முதல்ல வெறுந்தட்டுல பூஜ்யம் காட்டுதான்னு பாப்போம், அப்புறம் படிக்கல்ல வெச்சுப் பாப்போம். வியாபாரத் தராசுக்கு அதிகாரி வந்து முத்திரை போடணும்னு சட்டமே இருக்கு. ரம்பத்து டிகிரிக்கு முத்திரை போட யாரும் வரமாட்டாங்க. அதை அறுக்குறவர்தான் பாத்துக்கணும்.

கணக்கைப் பாருங்க. ஒரு சட்டத்துக்கு நாலு கட்டை, எட்டு வெட்டு. வெட்டுக்கு அரை டிகிரி தப்பினா ஒரு மூலைக்கு 1 டிகிரி, நாலு மூலைக்கு 4 டிகிரி. 4 அங்குல அகலப் பட்டின்னா மூலைக்கு மூலை முக்கால் நூல் வாயத் தொறக்கும். மூணு மூலைய அழுத்தி ஒட்டி மூடிட்டா மிச்சமெல்லாம் நாலாவது மூலைக்கு வந்து சேரும், அங்க 3 நூலுக்கு மேல. அதாவது சுண்டுவிரல் நுனிய விடலாம். அரை டிகிரி தப்பு கண்ணுக்குத் தெரியாது. கடைசி மூலைதான் காட்டிக் குடுக்கும். அப்புறம் மரத்தூளையும் பசையையும் குழைச்சு அப்பி, மேல பெயிண்ட். அடுத்த கோடையில அந்த அப்பு உதிரும்.

புது மிஷின்ல கூட இப்படி வருமான்னு கேக்குறீங்க. வரும். வண்டியில குலுங்கி வர்ற சாமான் அது. இங்க ஆசாரிங்க மொபெட் பின்னாடி கட்டித்தான் வேலைக்கு வேலை தூக்கிட்டுப் போறாங்க. அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓடுற ரோட்டுல ஒரு தடவை போய்ப் பாருங்க, நம்ம இடுப்பெலும்பே அட்ஜஸ்ட் ஆகிடும். நாலு போல்ட்டு இளகாதா?

சரி, எப்படிப் பாக்குறது? முதல்ல பிளக்கப் புடுங்கணும். ஸ்விட்சை மட்டும் அணைக்கிறது பத்தாது, பிளக்கப் புடுங்கணும். இதுல விளையாட்டே கூடாது.

அடுத்து, சோதிக்கிற மூலைமட்டத்தையே சோதிக்கணும். கீழ விழுந்து விழுந்து அதுவும் கோணியிருக்கும். நேரான ஓரம் உள்ள பலகையில மட்டத்த அணைச்சு வெச்சு ஒரு கோடு. அப்புறம் மட்டத்தப் பொரட்டிப் போட்டு, அதே புள்ளியில இருந்து இன்னொரு கோடு. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா மட்டம் சுத்தம். விரிஞ்சா, விரிஞ்சதுல பாதி மட்டத்தோட தப்பு. கொத்தனார் அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டுறப்ப ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறிச்சு, குறுக்க 5 அடி வருதான்னு பாக்குறாரே, அதுவும் இதே வேலைதான்.

மட்டம் சரின்னா மிஷினுக்கு வரலாம். கட்டைய அணைச்சு வைக்க பின்னால ஒரு தகடு நிக்கும். அதுக்கு இங்கிலீஷ்ல ஃபென்ஸ்னு பேரு, நம்ம பாஷையில வேலி. வேலி கோணினா வயல் கோணும்னு எங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் அது பிளேடுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதியா இருக்கும். நீளமான நேர்ச்சட்டம் ஒண்ண ரெண்டுலயும் ஒட்ட வெச்சுப் பாக்கணும். நடுவுல வெளிச்சம் தெரியக்கூடாது. மூலையில சேந்த மரத்தூளைத் தொடச்சிட்டுப் பாருங்க. பாதிப் பேருக்கு வியாதியே அந்தத் தூள்தான். தூள் மேல சாஞ்ச கட்டை எப்படி நேரா அறுபடும்?

இப்ப திருகுமேசைய 0-ல உக்கார வெச்சு இறுக்கிட்டு, பிளேட்ட எறக்கி நிறுத்துங்க. மூலைமட்டத்தோட ஒரு கையை வேலியிலயும், இன்னொரு கையைப் பிளேட்டோட உடம்புலயும் வைக்கணும். பல்லுல வைக்கக்கூடாது. பல் தகட்டவிடத் தடிப்பா இருக்கும், அதுல பட்டா அளவு பொய் சொல்லும். ரெண்டு பல்லுக்கு நடுவுல தகட்ட மட்டும் தொடணும். அப்புறம் மட்டத்த மேசையில நிறுத்தி, பிளேடு செங்குத்தா நிக்குதான்னும் பாக்கணும். நிறைய பேர் இத விட்டுடுறாங்க. மேல இருந்து பாத்தா மூலை கச்சிதமா சேந்திருக்கும், பக்கத்துல பாத்தா அடிப்பக்கம் வாயத் தொறந்திருக்கும். அது பிளேடு சாஞ்சதோட அடையாளம்.

கடைசித் தீர்ப்ப மட்டும் மரத்துக்கிட்டதான் கேக்கணும். ரெண்டு ஓரமும் இழைச்சு, ஒரே அகலத்துல 5 அங்குலக் கழிவுப் பலகை ஒண்ணு எடுத்து 0-ல அறுங்க. ரெண்டு துண்டுல ஒண்ண மட்டும் பொரட்டிப் போட்டு, அதாவது மேல்முகம் கீழ, முன்ஓரம் பின்ஓரமாகுற மாதிரி, நேர்ச்சட்டத்துல அணைச்சு வெட்டுவாய் ரெண்டையும் சேத்துப் பாருங்க. தப்பு இருந்தா ரெண்டு மடங்காத் தெரியும். கண்ணுக்கே தெரியாத அரை டிகிரி இப்ப முக்கால் நூல் சந்தாக் காட்டும். 45-க்கு, கழிவுக் கட்டையில சின்னதா ஒரு சட்டம் அறுத்து நாலு மூலையும் சேத்துப் பாக்குறத விட நல்ல வழி இல்ல. எதிரெதிர் கட்டை ரெண்டும் மயிரிழை வித்தியாசம் இல்லாம ஒரே நீளம் இருக்கணும். கோணம் சரியா இருந்து நீளம் தப்பினாலும் மூலை சேராது. டேப்புல அளந்து அளந்து அறுக்காம, வேலியில ஒரு தடுப்புக்கட்டைய மாட்டி ரெண்டையும் அதுல முட்டி அறுத்தா நீளம் மாறாது.

தப்பு தெரிஞ்சா திருத்துறது பெரிய வித்தை இல்ல. சில மிஷின்ல வேலிய இறுக்குற போல்ட்டுகளை இளக்கி, வேலிய மட்டத்துக்கு ஒட்ட நகத்தி மறுபடி இறுக்கணும். சிலதுல டிகிரித் தகட்டோட திருகாணிகளை இளக்கித் தகட்டையே நகத்தணும். எதுன்னு கூட வர்ற புத்தகத்துல படம் போட்டிருக்கும். செங்குத்துக்குத் தனியா ஒரு தடுப்புத் திருகு இருக்கும். இறுக்குறப்பவே கொஞ்சம் நகரும், அதனால இறுக்கினதுக்கப்புறம் மறுபடி அறுத்துப் பாக்கணும். எல்லாம் முடிஞ்சு கடைசியாத்தான் முள்ள 0-க்கு நேரா வைக்கணும். முள்ள நகத்திட்டு மிஷினச் சரி பண்ணிட்டேன்னு சொல்றவங்களும் இருக்காங்க. கடிகார முள்ளத் திருப்பிட்டு பொழுது விடிஞ்சதுன்னு சொல்ற மாதிரி.

மழுங்கின பிளேடு, குறைஞ்ச வோல்டேஜ், நீளமா இழுத்த ஒயர், இதெல்லாமும் சேந்துக்கும். மோட்டார் திணறுறப்ப கையால அழுத்தினா பிளேடு வளைஞ்சு போகும். வேகம் முழுசா ஏறின பிறகு மெதுவா எறக்கணும். அறுத்த பிறகு பிளேடு நின்னதுக்கப்புறம்தான் தூக்கணும்.

இவ்வளவும் சரியா இருந்தும் மூலை சேரலன்னா, மிஷினயும் ஆசாரியயும் விட்டுட்டு வேற ரெண்டு ஆளைப் பாருங்க. ஒண்ணு, சுவர். சுவர் மூலை 92 டிகிரியில எழும்பியிருந்தா அங்க ஓட்டுற பட்டிக்கு மிஷின்ல 44-தான் சரி, சுத்தமான 45 அங்க தப்பு. அந்த 3, 4, 5 கணக்குல குறுக்களவு 5 அடிக்கு மேல போனா மூலை விரிஞ்சிருக்குன்னு அர்த்தம். இன்னொண்ணு, பச்சை மரம். மரம் காயுறப்ப அகலத்துல சுருங்கும், நீளத்துல கிட்டத்தட்ட சுருங்காது. அதனால 45 சேர்ப்பு உள்மூலையில வாயத் தொறக்கும். மாட்டின அன்னைக்கே சந்து தெரிஞ்சா கோணத்தயோ நீளத்தயோ பாருங்க. மாசியில மாட்டினது சித்திரையில உள்பக்கம் தொறந்தா மரம் காயல. மரத்த வெட்டுன மாசமே அறுக்கச் சொன்னது வீட்டுக்காரர்தானே?

இப்ப காசு விஷயத்துக்கு வர்றேன். எங்க சொந்தத்துல ஒரு பையன், சொந்தமா மிஷின் வாங்கி வேலை எடுக்குறான். ஊர்ல வீடு கட்டின பட்டணத்துக்காரர் ஒருத்தர், ஜன்னல் பட்டியில மூலை சேரலன்னு கூலியில 3000 ரூபாய் புடிச்சுக்கிட்டாரு. பாத்தா அந்தப் பையன் மிஷின்ல அரை டிகிரி. சோதிக்க நேரம் கேட்டிருக்கான். "வந்ததும் வேலைய ஆரம்பி, நான் ஞாயித்துக்கிழமை கெளம்பணும்"னுட்டாரு. சதுர அடிக்கு இவ்வளவுன்னு பேசின வேலையில, மட்டம் பாக்குற நேரத்துக்கு யாரு கூலி குடுப்பா? அவன் கையிலேந்துதான் போகும். அதனால பாக்காமலே அறுக்குறான். அப்பும்போது ஆகுற செலவும் கெட்ட பேரும் அவனுக்கே. அந்தப் பையன் இப்ப திருப்பூருக்குப் போறேங்குறான்.

பட்டணத்துல இருந்து படிக்கிற உங்கள்ல பல பேரு ஊர்லயோ ஃபிளாட்லயோ மரவேலை குடுப்பீங்க. வேலை தொடங்குற அன்னைக்கு ஆசாரி கழிவுக்கட்டைய அறுத்து அறுத்துப் பாத்துக்கிட்டு இருந்தா, "நேரத்த ஓட்டுறான்"னு நினைக்காதீங்க. அந்த நாள் முழுசும் ஒரு பட்டி கூட ஏறலன்னாலும் பரவாயில்ல. அப்படிப் பாக்காம நேரா உங்க தேக்குல கை வைக்கிறவர்கிட்டதான் நீங்க பயப்படணும். அந்த அரை நாள் கூலிய வீட்டுக்காரர் குடுக்கணும்னுதான் நான் சொல்வேன். இதுல ஆசாரிங்க மேலயும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. விலை பேசுறப்ப இதை வாயத் தொறந்து சொல்றதில்ல. சொன்னா வேலை போயிடும்னு பயம். டிராக்டர்காரர் ஏர் மாட்டி ஆழம் வைக்கிற நேரத்தயும் மணிக்கணக்குல சேத்துத்தான் வாங்குறாரு, நாம குடுக்குறோம்ல?

எங்க மாட்டுக்கொட்டாய்க்குப் பக்கத்துல தை மாசம் ஒரு அறை எடுக்குறோம், ஒரு கதவு, ரெண்டு ஜன்னல். வேலை அந்தப் பையனுக்குத்தான். முதல் நாள் காலைப்பொழுது மட்டம் பாக்கன்னு தனியா கூலி பேசிட்டோம். கழிவுப் பலகை என் பொறுப்பு. வேம்பு வெட்டி எட்டு மாசமாச்சு, களத்து மேட்டுல நிழல்ல அடுக்கிக் காயுது.